1.2 பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போடலாமா?

பீளமேட்டுக்காரன்:
வண்டி 2015 ஸ்விஃப்ட் பெட்ரோல். வீடு பீளமேடு, கடை காந்திபுரம், தினமும் இதே ஓட்டம்தான், எப்போதாவது ஊட்டி, சென்னை. பின்பக்க சைலன்சர் டப்பா அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. எப்படியும் மாற்ற வேண்டும், ஒரிஜினலே போடுவதா, புகை தடையில்லாமல் வெளியேறும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஃப்ரீ ஃப்ளோ போடுவதா என்று யோசனை. ஒரு கடையில் கேட்டால், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் தூக்கிவிட்டு இரண்டரை இஞ்ச் பைப் இழுத்தால் 10 குதிரைத்திறன் கூடும், மலையில் பிய்த்துக்கொண்டு போகும் என்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிறது, வண்டி ரொம்பக் கத்தவும் கூடாது. போட்டவர்கள் சொல்லுங்க.

ரெட்லைன்_ரவி:
10 எல்லாம் சும்மா தம்பி. உங்கள் எஞ்சினே மொத்தம் 84 பி.எஸ். (குதிரைத்திறன்) சொச்சம், அதுவும் 6,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்று). டர்போ (புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் விசிறி) வண்டி என்றால் பின்னால் அடைப்பு குறைந்ததும் அந்தக் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், சீக்கிரம் ஏறும், பலன் தெரியும். டர்போ இல்லாத வண்டியில் டப்பாவை மட்டும் மாற்றி ஒன்றிரண்டு குதிரை வந்தாலே பெரிது, காந்திபுரம் சிக்னலில் அந்த ஆர்.பி.எம்.மை யார் தொடப் போகிறார்கள்? இரண்டரை இஞ்ச் இந்த எஞ்சினுக்கு ரொம்பப் பெருசு. பைப்பில் புகை வேகமாக ஓடினால்தான் அடுத்த சிலிண்டர் புகையையும் சேர்த்து இழுக்கும். அகலமாக்கினால் வேகம் செத்துவிடும், ஊட்டி மலைப்பாதையில் பர்லியார் தாண்டி ஏறும்போது இழுவை போய்விடும்.

நட்டு_போல்ட்டு:
ரவி அண்ணா, அந்த இழுப்பு வேலை பெரும்பாலும் சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டிலேயே முடிந்துவிடுகிறது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் பைப் பெருத்தால் இழுவை அவ்வளவு ஒன்றும் சாகாது, ஆனால் சத்தத்தைத் தவிர எதுவும் கூடவும் செய்யாது. அந்தச் சத்தம்தான் பிரச்சினையே. நாலு சிலிண்டரில் 3,000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 100 வெடிப்பு, பைபாஸில் ஐந்தாவது கியரில் கிட்டத்தட்ட அங்கேதான் ஓட்டுவோம், கேபினுக்குள் ம்ம்ம் என்று ஒரே ரீங்காரம். சேலம் போவதற்குள் குழந்தை மட்டுமில்லை, நீங்களே அழுவீர்கள். ஆசை விடவில்லை என்றால் நடுவில் இருக்கும், ரீங்காரத்தைக் குறைக்கும் ரெசனேட்டர் டப்பாவைத் தொடாமல் பின்பக்க டப்பாவை மட்டும் மாற்றுங்கள், பைப் 2 இஞ்சைத் தாண்ட வேண்டாம்.

கன்வெர்ட்டரைக் கழற்றச் சொன்ன கடைக்குத் திரும்பப் போகாதீர்கள். அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் இன்னொன்று என்று புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார் இருக்கிறது, கன்வெர்ட்டர் இல்லாததைப் பின்னால் இருப்பது காட்டிக்கொடுக்கும், எஞ்சின் லைட் எரிந்துகொண்டே இருக்கும். புகைச் சான்று எடுக்கும்போதும் மாட்டுவீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல், 2019 திருத்தத்துக்குப் பிறகு, புகைக்கும் சத்தத்துக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் 3 மாதம் போகும்.

பீளமேட்டுக்காரன்:
சரி, கன்வெர்ட்டர் பேச்சை விட்டுவிட்டேன். இன்னொன்று, காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் டிக் டிக் என்று ஒரு சத்தம், சூடானதும் நின்றுவிடுகிறது. மைலேஜும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சைலன்சர் ஓட்டையால்தானா?

நட்டு_போல்ட்டு:
இல்லை, டப்பா ஓட்டைக்கும் மைலேஜுக்கும் சம்பந்தமில்லை. மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள். அங்கே கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய் முன் சென்சாரை ஏமாற்றும், பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் (ஈ.சி.யூ.) கூடுதலாக ஊற்றும். சூடேறி இரும்பு விரிந்ததும் சந்து மூடிக்கொள்ளும், சத்தமும் நிற்கும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த துணியால் டெயில் பைப்பை ஒரு நொடி அழுத்திப் பிடிக்கட்டும், நீங்கள் பானெட்டைத் திறந்து காது கொடுங்கள், புஸ் என்று வந்தால் கசிவு அங்கேதான். டப்பாவில் ஓட்டை இருப்பதால் காற்று அதன் வழியாகவே போய்விடும், அதை மாற்றிய பிறகு செய்து பாருங்கள்.

ரெட்லைன்_ரவி:
டப்பா துருப்பிடித்ததற்கும் வீட்டுக்கும் கடைக்குமான அந்தக் குட்டி ஓட்டம்தான் காரணம். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் வரும், டப்பா நன்றாகச் சூடாவதற்குள் அணைத்துவிட்டால் அது உள்ளேயே தங்கிவிடும். ஒரிஜினல் டப்பாவில் அடியில் தண்ணீர் வடிய ஊசித்துளை விட்டிருப்பார்கள், புதுசு மாட்டும்போது லீக் என்று நினைத்து வெல்டிங் கடைக்காரர் அதை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.