மட்டையா, ஸ்டிரிங்கா? டென்னிஸ் ஆடி முழங்கை வலி கண்டவர்களின் அனுபவங்கள்

அஸ்தம்பட்டி அன்பர்:

மட்டையும் மாறவில்லை, ஆட்டமும் மாறவில்லை. மாறியது ஸ்டிரிங் மட்டும்தான். பழைய மல்ட்டிஃபிலமென்ட் (பல மெல்லிய இழைகள் சேர்ந்த மென்மையான ஸ்டிரிங்) அறுந்ததும், புது ஸ்டிரிங் கட்டக் கொடுத்த இடத்தில் என்னைக் கேட்காமலே, “இதுதான் நெடுநாள் உழைக்கும்” என்று விறைப்பான பாலியஸ்டர் ஸ்டிரிங்கை 58 பவுண்டு இறுக்கத்தில் இழுத்துக் கட்டித் தந்துவிட்டார்கள். அறுபடவில்லை என்பது உண்மைதான். ஆனால் பாலியஸ்டர் அறுபடுவதற்கு வெகு முன்பே துள்ளலை இழந்துவிடும் என்பதையும், அதன்பின் பந்தை ஆழமாக அனுப்பக் கைதான் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

முழங்கை வலி வந்து போனபோது பிசியோதெரபிஸ்ட் செய்த சோதனை இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. கையை மேசைமேல் நீட்டி வைத்து, நடுவிரலை மட்டும் உயர்த்தச் சொன்னார்; உயர்த்திய விரலைத் தம் ஒரு விரலால் மெல்லக் கீழே அழுத்தினார். அழுத்தம் விரலில், வலியோ முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் சுரீரென்றது. மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளின் நாண்கள் அங்கேதான் ஒட்டியிருக்கின்றன என்றார். ஓய்வுக்குப் பிறகு மல்ட்டிஃபிலமென்ட்டை 52 பவுண்டில் கட்டிக்கொண்டேன்; வலி படிப்படியாக விலகியது.

ஏற்காட்டிலிருந்து ஒரு தாய்:

ஐயா ஸ்டிரிங்கின் மீதே முழுப் பழியையும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மகளின் மட்டையில் பாலியஸ்டர் ஒருநாளும் இருந்ததில்லை. பிள்ளைக்கு இலேசாக இருக்கட்டும் என்று கடையில் எடுத்துக் கொடுத்த மட்டை 260 கிராம். சட்டமோ மிகவும் விறைப்பானது; விறைப்பைக் காட்டும் ஆர்ஏ அளவு 72. மழை விட்ட ஒரு மாலையில், பந்து ஈரம் குடித்துக் கனத்திருந்தபோது, ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் அடித்தவளின் பிடியிலிருந்து மட்டை நழுவித் தரையில் விழுந்தது. அவள் அழவில்லை, குனிந்து அதை இடக்கையால் எடுத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் வலக்கையின் வலி எவ்வளவு என்று எனக்கு விளங்கியது.

பயிற்சியாளர் தந்த பழைய 300 கிராம் மட்டை, வளைந்து கொடுக்கும் சட்டம் உடையது. அதில் அதே அடியை அடித்தபோது அதிர்வு வெகுவாகக் குறைந்ததாகச் சொன்னாள். கனமான மட்டை மோதலில் எளிதில் பின்வாங்காது. இலேசான மட்டை அந்த அதிர்ச்சியைக் கைக்குக் கடத்திவிடும். இன்னொன்று, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து கோட்டைத் தாண்டிப் பறக்கிறது. அதற்காக ஸ்டிரிங்கை மேலும் இறுக்கினால் கைதான் வாங்கிக் கட்டிக்கொள்கிறது. உயரமான இடங்களுக்கென்றே தனிப் பந்துகள் உண்டு; அவற்றை வாங்குவதே சரி.

சூரமங்கலம் அன்பர்:

எனக்கு வலி மட்டையின் மெல்லிய கைப்பிடியால் (கிரிப்) வந்தது. வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன்.

இருவருக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மோதிர விரல் நுனியிலிருந்து உள்ளங்கையின் நடு ரேகை வரை அளந்தால் கிரிப் சுற்றளவு ஓரளவு தெரியும். 4¼ அங்குலம் வந்தால் அதைவிட மெல்லியதை எடுக்காதீர்கள், ஏனெனில் மட்டை சுழலாதிருக்க விரல்கள் ஓயாமல் இறுக்கிக்கொண்டே இருக்க நேரும். ஸ்டிரிங்குகளுக்கு இடையே செருகும் ரப்பர் டேம்பனரை நம்ப வேண்டாம். அது ஓசையைத்தான் அடக்கும், சட்டத்தின் அதிர்ச்சியை அன்று. 1997இல் பிரேசில் வீரர் குஸ்தாவோ கூர்ட்டன் பாலியஸ்டருடன் பிரெஞ்சு ஓபனை வென்றார் என்று இளைஞர்கள் வாதிடுவார்கள்; அத்தகைய தொழில்முறை வீரர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் புதிதாகக் கட்டிய மட்டையோடு இறங்குகிறவர்கள், நாம் அறுபடும்வரை காத்திருக்கிறோம். ஃபெடரர்கூட நெடுக்கில் இயற்கை கட் (குடல் நரம்பு ஸ்டிரிங்), குறுக்கில் மட்டுமே பாலியஸ்டர் என்றுதான் கட்டினார். சேலத்து வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டையை விட்டுச் செல்லாதீர்கள், சூட்டில் ஸ்டிரிங் தளர்ந்துவிடும். ஸ்டிரிங்கின் இறுக்கத்தை ஒரேயடியாகக் குறைக்காமல் இரண்டிரண்டு பவுண்டாகக் குறையுங்கள். விரல்கள் மரத்துப்போனால் மட்டையை ஆராய்ந்துகொண்டிராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கைக்கு இதமானது இயற்கை கட்தான். செலவைப் பார்க்காமல் அதையே கட்டுங்கள்.

ஏற்காட்டுத் தாய்:

கிரிப் பற்றிச் சொன்னதற்கு நன்றி ஐயா, மகளுக்கு அளந்து பார்க்கிறேன். ஆனால் இயற்கை கட் மாட்டுக் குடலிலிருந்து செய்யப்படுவது. எங்கள் மூடுபனியில் ஈரம் ஏறிப் பிரிந்துவிடும். அவளுக்கு மல்ட்டிஃபிலமென்ட் 50 பவுண்டில் போதும். பேக்ஹேண்டை இரு கைகளாலும் அடிக்கப் பயிற்சியாளர் பழக்கி வருகிறார்.