29 வயதில் ஃபுல் பேக் இடத்திலிருந்து சென்டர் பேக் இடத்துக்கு மாறலாமா?

கேள்வி

வணக்கம். பத்து ஆண்டுகளாகத் தொழில்முறைக் கால்பந்தில் வலப்பக்க ஃபுல் பேக்காக, அதாவது பின்வரிசையின் ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்ட வீரராக, ஆடி வருகிறேன். சென்ற பருவம் வரை, எதிரணி விங்கர் (ஓரமாகத் தாக்கி ஆடுபவர்) பந்தை என்னைத் தாண்டித் தட்டிவிட்டு ஓடினால் மூன்றாவது எட்டிலேயே அவரோடு தோள் சேர்த்துவிடுவேன். இந்தப் பருவத்தில் அதற்கு ஐந்தாறு எட்டுகள் ஆகின்றன. ஒப்பந்தம் முடிய ஓராண்டே இருக்கும் நிலையில், கோலுக்கு முன் நடுவில் நிற்கும் சென்டர் பேக்காக மாறும்படி பயிற்சியாளர் சொல்கிறார். என் உயரம் 178 சென்டிமீட்டர்தான். இந்த மாற்றம் என் ஆட்டக்காலத்தை நீட்டிக்குமா, அல்லது உயரமான முன்கள வீரர்களிடம் வாரந்தோறும் தோற்றுக்கொண்டிருப்பேனா?

பதில் 1

உயரத்தை எண்ணித் தயங்க வேண்டாம். 2006 உலகக் கோப்பையை இத்தாலியின் கேப்டனாக வென்று, அதே ஆண்டு சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதையும் பெற்ற சென்டர் பேக் ஃபாபியோ கன்னவாரோ உங்களைவிடச் சற்றுக் குள்ளமானவர். பாவ்லோ மால்தீனி 1985-ல் 16 வயதில் இத்தாலிய அணியான ஏசி மிலானுக்காகக் களமிறங்கி, 2009-ல் 40 வயதில் அதே அணியிலேயே ஓய்வு பெற்றார். இளமையில் இடப்பக்க ஃபுல் பேக்காக இருந்தவர், பிற்காலத்தில் பெரும்பாலும் நடுவில்தான் ஆடினார். ஸ்பெயினின் செர்ஜியோ ராமோஸும் வலப்பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தவர்தான். கால் வேகம் குறையும்போது ஆட்டத்தை முன்கூட்டியே கணிக்கும் திறன் கைகொடுக்கும் இடம் அது.

பதில் 2

தம்பி, நான் 36 வயது வரை நடுவில் ஆடியவன். முந்தைய பதிலில் உள்ளவை உண்மையே என்றாலும், மாற்றம் அவ்வளவு எளிதாக இருக்காது. ஓரத்தில் ஆடும்போது எல்லைக் கோடே உங்களுக்குத் துணை நிற்கிறது. நடுவிலோ இரு தோள்களுக்குப் பின்னாலும் ஆள் இருப்பான். அதனால் பந்து எதிரணியிடம் இருக்கும் நேரம் முழுவதும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் வர வேண்டும். நீண்ட பந்து கொடுக்கப் போகிறவர் உதைப்பதற்கு முன் பெரும்பாலும் தலையைத் தாழ்த்திப் பந்தைப் பார்ப்பார். அந்த ஒரு கணத்தில் உடலைப் பக்கவாட்டாகத் திருப்பி இரண்டு அடி பின்வாங்கியிருந்தால், உங்களைவிட வேகமானவரையும் பந்தயத்தில் முந்தலாம். நான் இதைக் கற்றுக்கொள்ளவே ஒரு முழுப் பருவம் பிடித்தது. அந்தப் பருவத்தில் நாங்கள் வாங்கிய கோல்களில் சில என் கணக்கில்தான் சேரும்.

உங்கள் ஆளைத் துரத்திக்கொண்டு போகும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மற்ற மூவரும் முன்னேறிய பிறகு நீங்கள் மட்டும் ஓர் அடி பின்தங்கி நின்றாலே, எதிரணியினர் ஆஃப்சைடிலிருந்து (பந்து தரப்படும்போது கடைசித் தடுப்பாட்ட வீரரைத் தாண்டி நிற்கும் தவறு) தப்பிவிடுவார்கள். ஹெட்டரில், அதாவது பந்தைத் தலையால் முட்டும்போது, தாவுவதற்கு முன்பே உடலால் இடத்தைப் பிடித்துவிட்டால் உயரமானவரும் முழுமையாக எழும்ப முடியாது. எழும்புவதும் தரையிறங்குவதும் கூடுவதால், முழங்காலைச் சுற்றியுள்ள தசைகளுக்கு இப்போதிருந்தே பயிற்சி கொடுங்கள். தலையில் அடிபட்டு மயக்கம் போல் தோன்றினால், எத்தனை முக்கியமான ஆட்டமானாலும் வெளியே வந்துவிடுங்கள்.

பதில் 3

மால்தீனியின் அருகில் பரேசி, கோஸ்டகுர்டா, பிறகு நெஸ்டா போன்ற தேர்ந்த தடுப்பாட்ட வீரர்கள் நின்றார்கள் என்பதை மறக்கக் கூடாது. உங்கள் பக்கத்தில் நிற்கப்போவது யார், பின்வரிசையில் இருவர் நடுவில் நிற்கிறார்களா மூவரா என்பதைப் பயிற்சியாளரிடம் முதலில் கேளுங்கள். மூவர் என்றால் வலப்புற இடம் உங்களுக்கு மிகவும் பொருந்தும். ஏறக்குறைய உங்கள் உயரமே கொண்ட சேசர் அஸ்பிலிகுவெட்டா, ஃபுல் பேக்காக இருந்து அந்த இடத்துக்கு மாறி, 2016-17 பருவத்தில் செல்சி அணி இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்றபோது 38 ஆட்டங்களிலும் ஆடினார்.

இன்னொன்று: கோல் கிக் (எதிரணியினர் பந்தைக் கோல் கோட்டுக்கு வெளியே அனுப்பிய பின் எடுக்கும் உதை) எடுக்கும்போது பந்து பெனால்டி பகுதியை விட்டு வெளியேற வேண்டும் என்ற விதி 2019-ல் நீக்கப்பட்ட பிறகு, தடுப்பாட்ட வீரர்கள் தங்கள் கோலுக்கு மிக அருகிலேயே, எதிரணி நெருக்கும்போதே, பந்தை வாங்கி நகர்த்த வேண்டியிருக்கிறது. ஓரத்தில் பத்து ஆண்டுகள் நெருக்கடியில் பந்து வாங்கிய உங்கள் காலுக்கு அது புதிதல்ல.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பயிற்சியாளரிடம் பேசினேன், மூவர் வரிசையில் வலப்புறம்தான் என்றார், நடுவில் அனுபவமுள்ள இடக்கால் வீரர் ஒருவர் இருப்பார். இன்றைய பயிற்சி ஆட்டத்தில் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஆட முயன்றேன். இரண்டு முறை மறந்தேன். இரண்டு முறையும் பந்து என் தலைக்கு மேலே பறந்து முதுகுக்குப் பின்னால்தான் விழுந்தது. ஒப்பந்தப் பேச்சுக்கு முன் எஞ்சியிருக்கும் ஆட்டங்களை இந்த இடத்திலேயே ஆடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.