வகுப்பு வினாடி வினாவில் இன்னும் மனசை உறுத்தும் கேள்வி எது?

மலைக்கோட்டை:
2011, ஒன்பதாம் வகுப்பு. எல்லோருக்கும் தெரிந்த வகைதான், சினிமாப் பாட்டைச் சொல்லி எங்கே எடுத்தார்கள் என்று கேட்பது, முன்னால் போய் மேப்பில் காட்டி ஒரு நிமிடம் பேச வேண்டும், பேச்சுக்கும் மார்க். சார் 'எந்திரன்' கிளிமாஞ்சாரோ பாட்டைக் கேட்டார். நான் போய் தான்சானியா, 5,895 மீட்டர், ஆப்பிரிக்காவிலேயே உயரமான மலை என்று கணீரென்று சொன்னேன், ஒரே கைதட்டல். அப்புறம் எதிரணியிலிருந்து, அதிகம் பேசாத ஒருவன் வந்து தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் விரலை வைத்தான். கை நடுங்கியதில் மேப்பின் அடிச்சட்டம் சுவரில் டக் டக்கென்று இடித்தது. "பெரு, மச்சு பிச்சு" என்று அவன் சொன்னது முன் பெஞ்சில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. "சத்தமாப் பேசத் தெரியாதவனுக்கு மார்க் கிடையாது, உட்காரு" என்றார் சார். பரிசுப் பேனா எனக்கு. அவன் சொன்னதுதான் சரி என்று அன்று சாயந்திரமே தெரிந்தது, மறுநாள் நான் வாயைத் திறக்கவில்லை.

சமூக அறிவியல் டீச்சர்:
எனக்கு 'ரோஜா'. காஷ்மீர் என்றேன், அந்தப் பனியை எடுத்தது மணாலியில் என்று மிஸ் திருத்தினார்கள், அவ்வளவுதான். ஆனால் மலைக்கோட்டை, சார் மேல் மட்டும் பழி போடாதீர்கள். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் கேட்காத பதிலுக்கு எப்படி மார்க் போடுவது? பிள்ளைகளைப் பழக்க வேண்டும். கண்டம், நாடு, ஊர் என்ற வரிசையில் சொல்லச் சொல்லுங்கள், கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசட்டும். கை நடுங்கினால் ஸ்கேல் கொடுக்காதீர்கள், நடுக்கம் அதன் முனையில் இன்னும் பெரிதாகத் தெரியும், உள்ளங்கையை மேப்பில் அழுத்தி வைத்தால் போதும். வெறும் எண்ணைச் சொல்லாமல் தெரிந்த இடத்தோடு சேர்த்துச் சொல்லட்டும்: மச்சு பிச்சு 2,430 மீட்டர், நம் தொட்டபெட்டா 2,637. அப்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

வைகைக்கரை:
டீச்சர், கேட்கவில்லை என்றால் "இன்னொரு தடவை சொல்லுப்பா" என்று சொல்வது யார் வேலை? அதே 'எந்திரன்' படத்தில் வெள்ளை மணல்மேடுகள் வரும் பாட்டுக்கு நான் ராஜஸ்தான் என்றேன், அதுவும் முணுமுணுப்பாகத்தான். எங்கள் மிஸ் பக்கத்தில் வந்து நின்று, "பாலைவனம்னா நடுவுல இவ்வளவு தண்ணி எப்படிடா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ரொம்ப நேரம். "மழை பெய்யுதா மிஸ்?" என்றேன். பிரேசிலின் வடகிழக்கில் இருக்கும் லென்சோயிஸ் மரன்யென்சஸ் அது, மழைத் தண்ணீர்தான் மேடுகளுக்கு நடுவே குளமாக நிற்கிறது. பதில் தப்பு, ஆனாலும் அந்தக் கேள்விக்கு அரை மார்க் போட்டார்.

மலைக்கோட்டை:
டீச்சர், நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் விரல் பெருவின் மேல்தான் இருந்தது. சார் மேப் பக்கம் திரும்பவே இல்லை.