டெவ்ரையின் பழைய பாடப்புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் டெவ்ரை பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். லாப நோக்கில் நடப்பது என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அதன் தொடக்கம் என்னை ரொம்பவே ஈர்த்துவிட்டது. 1931-ல் சிகாகோவில் ஹெர்மன் டெவ்ரை தொடங்கியபோது அதன் பெயர் டிஃபாரஸ்ட் பயிற்சிப் பள்ளி. சினிமா புரொஜெக்டர், ரேடியோ பழுதுபார்க்கக் கற்றுத் தந்தார்கள். பிறகு டிவி, எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர். பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது 2002-ல்தான்.

எனக்கு வேண்டியது 1970-களின் தபால்வழிப் பாடங்கள். பெல் அண்ட் ஹாவல் கம்பெனியின் கையில் பள்ளி இருந்த காலம் அது. மாணவர்கள் வீட்டிலேயே கலர் டிவியைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கற்றிருக்கிறார்கள்! அந்தப் புத்தகமோ சர்க்யூட் படமோ இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள். அங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்த உறவினர்கள் இருந்தாலும் சொல்லுங்கள், லேப் எப்படி இருந்தது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்கிறேன்.