நம்மூருக்கு நம்மாளு அதிகாரியா வரலாமா, கூடாதா?

பாளை_பஸ்ஸ்டாண்டு:
2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ பையனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கப்புறம் அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதி அடையாளக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்பதைத்தான் டீக்கடையில் எல்லாரும் பேசினார்கள். அதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் எந்தச் சாதி ஆதிக்கமோ அந்தச் சாதிக்காரரை அங்கே கல்வி அலுவலராகவோ தலைமை ஆசிரியராகவோ போடுவதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. என்னைக் கேட்டால் இதைப் பள்ளியோடு நிறுத்தக்கூடாது. தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் வரைக்கும் கொண்டுவர வேண்டும். திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும்.

கொக்கிரகுளம்_மாமா:
முதல் ஆளாக நானே வருகிறேன். வருவாய்த்துறையில் 34 வருடம் குப்பை கொட்டியவன். சாதி பார்த்து போஸ்டிங் போடுவதா சாதியை ஒழிக்கிற வழி? முக்கூடல்காரன் ஒருத்தன், அம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ், ஊர்ப்பக்கம் மாறுதல் கேட்டு மனு போடுகிறான், "நீ இன்ன சாதி, உனக்கு இந்தத் தாலுகா கிடையாது" என்று எந்த அதிகாரி எழுத்தில் கொடுப்பான், கொடுத்தால் கோர்ட்டில் ஒருநாள் நிற்குமா? 69 சதவீத இட ஒதுக்கீடு, எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்கிற 200 புள்ளி சுழற்சி, எல்லாம் பார்த்துத்தானே வேலைக்கே எடுக்கிறார்கள். உள்ளே வந்தபிறகு எல்லாரும் அரசு ஊழியர்தான். அதோடு விட்டுவிட வேண்டும்.

தபால்_பிரிவு:
மாமா, அந்தக் கடைசி வரியில்தான் இடிக்கிறது. குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராக ஒரு ஆபீசில் சேர்ந்தேன், எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை. முதல் நாள் "எந்த ஊருமா?" என்றார்கள். சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" என்றார்கள். அதையும் சொன்னேன். மூன்றாவது கேள்வி தேவைப்படவில்லை. மறுநாள் எனக்குத் தபால் பிரிவு. வருகிற கடிதத்துக்கு நம்பர் போட்டு, போகிற கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டி நாலு வருடம் போயிற்று. என்னோடு சேர்ந்த ரெண்டு பேர் ஆறாவது மாதமே பட்டா மாறுதல் கோப்பு பார்த்தார்கள். கோப்பு எழுதப் படிக்காமலே சீனியாரிட்டியில் மேலே போனால் அப்புறம் என்ன சொல்வார்கள்? "கோட்டாவில் வந்தது, குறிப்பு எழுதத் தெரியலை."

கணக்கன்_78:
யக்கா, தபால் பிரிவும் வேலைதான், யாராவது ஒருத்தர் பார்த்துத்தானே ஆகணும்? எல்லாத்தையும் சாதியில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். நான் கண்ணால் பார்க்கிற பிரச்சினையைச் சொல்கிறேன். பெண்களுக்கு 1989ல் 30 சதவீதம் கொண்டுவந்தார்கள், 2021ல் 40 என்று அறிவித்தார்கள், ரொம்ப சந்தோஷம். பிரசவ விடுப்பு 9 மாதத்திலிருந்து 12 மாதம் ஆனது, அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வருடம் அந்த சீட்டை யார் பார்க்கிறது? நான்தான். ரெண்டு சீட் கோப்பு, ஒரு சம்பளம், சாயங்காலம் ஏழு மணிக்கு வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். இதைச் சொன்னால் பெண்களுக்கு எதிரி ஆகிவிடுகிறோம்.

தபால்_பிரிவு:
எதிரி என்று நான் சொல்லவில்லை தம்பி. மாற்றாள் போடாதது அரசாங்கத்தின் குறை, கோபம் மட்டும் பிள்ளை பெற்றவள் மேலே. அடுத்த கலந்தாய்வில் உங்கள் மேலதிகாரி என்ன செய்வார் தெரியுமா? "லேடீஸ் வேண்டாம்" என்று வாயால் சொல்வார், எழுத்தில் இருக்காது. தெருப்பேர் கேட்டதும் எழுத்தில் இல்லை.

அப்புறம் ஒன்று. அந்த ஆபீசில் டீ வரும்போது ஆறு எவர்சில்வர் தம்ளர் வரும், எனக்கு மட்டும் ஜன்னல் திட்டில் இருக்கிற கண்ணாடி கிளாஸ். யாரும் எதுவும் பேசமாட்டார்கள், கை தானாக அந்தக் கிளாஸுக்குப் போகும். கொரோனா வந்து எல்லாருக்கும் பேப்பர் கப் என்று ஆனது, கிளாஸும் காணாமல் போனது.

பாளை_பஸ்ஸ்டாண்டு:
சேரன்மாதேவி குருகுலத்தில் வ.வே.சு. ஐயர் காலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்துச் சண்டை நடந்து நூறு வருடம் ஆகிவிட்டது, அதே ஜில்லாவில் பேப்பர் கப் வந்துதான் சமபந்தி நடந்திருக்கிறது. மாமா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கொக்கிரகுளம்_மாமா:
கிளாஸ் விஷயம் கேவலம், அதில் ரெண்டு பேச்சில்லை. சீட் ஒதுக்குவதில் ஓரவஞ்சனை நடக்கும், நானும் பார்த்திருக்கிறேன், தட்டிக் கேட்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாளைத் தம்பி முதலில் கேட்ட கேள்வி வேறு. ஆதிக்கச் சாதி எது என்று யார் முடிவு பண்ணுவது? ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வள்ளியூர்ப் பக்கம் போனால் வேறு. ஒரே பிர்க்காவில், அதாவது நாலைந்து ஊர் சேர்ந்த வருவாய் வட்டத்தில், வடக்கூரும் தெக்கூரும் ஒன்றாகவா இருக்கிறது? கலெக்டர் உட்கார்ந்து பட்டியல் போட்டு ஒட்டுவாரா? ஒட்டினால் அதற்கே ஒரு மறியல் நடக்கும்.

இன்னொன்று, ஊர் தெரிந்தவன் வேண்டும் வே. எந்த ஓடை எங்கே மறுகால் பாயும், எந்தத் துண்டு நிலத்தில் பங்காளிச் சண்டை என்று வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்?

பாளை_பஸ்ஸ்டாண்டு:
1980 நவம்பர் 14ல் எம்.ஜி.ஆர் அரசு கர்ணம் (ஊர்க் கணக்கர்), முன்சீப் (ஊர்த் தலையாரி அதிகாரி) பதவியை ஒழித்தபோதும் இதே பேச்சுதானே பேசினார்கள்? தாத்தா கர்ணம், அப்பா கர்ணம், மகன் கர்ணம், அவர்கள் வீட்டு மரப்பெட்டிக்குள்தான் ஊர்க் கணக்கு. அதற்கப்புறம் பரீட்சை எழுதி விஏஓ வந்தார்கள். அடங்கல் என்கிற நிலப் பயிர்க் கணக்கை எழுத ஆள் இல்லாமலா போயிற்று? ஊர் தெரிந்தவன் என்பது பாதி நேரம் ஊரில் நாலு பேருக்கு வேண்டியவன் என்றுதான் அர்த்தம்.

கொக்கிரகுளம்_மாமா:
அது சரி. ஆனால் கர்ணம் போனது பரம்பரை என்பதால். பரீட்சை எழுதி வந்தவனைப் பரம்பரைக்காரனோடு சேர்க்காதீர்.

நாலு_படி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சக்கர நாற்காலிக்காரன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வேலையில் 4 சதவீதம், அதில்தான் வேலைக்கு வந்தேன். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது, மாற்றுத்திறனாளி இந்த ஊருக்குப் புதுசில்லை. ஆனாலும் என் ஆபீஸ் வாசலில் நாலு படி. எழுதி எழுதிப் போட்டு சாய்தளம் கட்டினார்கள், கான்ட்ராக்டர் சிமெண்ட் மிச்சம் பிடித்த சாய்வு, ஆடு ஏறினாலே சறுக்கும். இப்போது அதன்மேல் மூன்று பைக் நிற்கிறது. ஒன்று ஆபீஸ் சூப்பிரண்டுடையது. நீங்கள் யார் எந்தத் தாலுகாவுக்கு வரலாம் என்று பேசுகிறீர்கள், எனக்கு என் சீட் வரைக்கும் போனால் போதும்.

மேலப்பாளையம்_பாய்:
அண்ணாச்சிமார் எல்லாரும் நிரந்தர வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அது எத்தனை மிச்சம் இருக்கிறது? டிரைவர், கம்ப்யூட்டர் ஆபரேட்டர், தூய்மைப் பணியாளர் எல்லாம் ஏஜென்சி வழியாக வருகிறார்கள். எங்கள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம், எஸ்.டி.க்கு 1, அந்த 200 புள்ளிக் கணக்கு ஏஜென்சிக்காரன் மேஜையில் இருக்கிறதா? அவன் மச்சான் சொன்ன ஆள்தான். காலையில் ஆறு மணிக்குக் குப்பை வண்டி தள்ளுகிறவர்களைப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அருந்ததியர். எல்லாச் சாதியும் கலந்து வரட்டும் என்று அங்கே மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். 2009ல் எஸ்.சி.க்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 உள் ஒதுக்கீடு கொடுத்தார்கள், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உட்பிரிவு செல்லும் என்றது. எல்லாம் சரி, வேலையே ஏஜென்சிக்குப் போனால் 3 எதில் 3?

கணக்கன்_78:
பாய் சொல்வது உண்மை. எங்கள் ஆபரேட்டர் பையனுக்குச் சம்பளம் வருவதே ஏஜென்சி கணக்கு தீர்த்தபிறகுதான். இதில் நான் உங்கள் கட்சி. மத்ததில் இல்லை.

பாளை_பஸ்ஸ்டாண்டு:
சரி, ஆதிக்கச் சாதிப் பட்டியல் போடுவது கஷ்டம் என்பதை ஏற்கிறேன். அப்போது இப்படிக் கேட்போம். ஆபீஸ் வாரியாக, சீட் வாரியாக எண்ணிக்கை வெளியே வரட்டும். பட்டா சீட்டில் எந்தப் பிரிவு எத்தனை பேர், தபாலில் எத்தனை பேர், மூன்று வருடத்துக்கு மேல் ஒரே சீட்டில் எத்தனை பேர். தகவல் உரிமையில் நான் போடுகிறேன், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் முடிந்தது.

கொக்கிரகுளம்_மாமா:
பேர் கேட்டீர்களானால் தனிநபர் தகவல் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைக் காட்டி ஒரே வரியில் திருப்பிவிடுவான். நானே அப்படி எத்தனை திருப்பியிருக்கிறேன். எண்ணிக்கை மட்டும் கேளும். "ஏன்" என்று ஒரு இடத்திலும் எழுதாதீர், ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பான். நகலை இங்கே போடும், அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை திருத்தித் தருகிறேன். உம்ம கட்சிக்கு வந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

நாலு_படி:
அதிலேயே சாய்தளத்தின் சாய்வு எத்தனை என்றும் ஒரு கேள்வி சேருங்கள்.

தபால்_பிரிவு:
சேர்த்து அனுப்புங்கள் தம்பி. அது எங்கள் ஆபீசுக்கு வந்தால் நம்பர் போடுவது நான்தான்.