கிளட்ச் டிராக்: ‘இழுவை’ வேண்டாம், ‘விடாப்பிடி’ சரியா வருமா?

நண்பர்களே, வண்டிக் கோளாறுகளுக்குத் தமிழ்ல பேரு தேடுற நம்ம பட்டியல்ல, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற, பிரிக்கிற கிளட்சோட ரெண்டு கோளாறுக்கு, ஸ்லிப்புக்கு ‘நழுவல்’, டிராகுக்கு ‘இழுவை’னு முன்வச்சிருக்கீங்க. நழுவல் ஓகே, ஆனா இழுவையை தயவுசெஞ்சு விட்டுடுங்க, அது ஆளை நேர் எதிர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டுடும்.

நம்ம ஆளுங்க பேசுறதைக் கவனிங்க. ‘வண்டில இழுவையே இல்லப்பா’ன்னா லோடு ஏத்துனா வண்டி போகமாட்டேங்குதுன்னு அர்த்தம். இன்ஜின் மட்டும் கத்தும், ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) ஏறும், வண்டி வேகம் ஏறாது. அது ஸ்லிப்போட அடையாளம். டிராக்ங்கறது அதுக்கு நேர் எதிரான கோளாறு, பெடலை முழுசா மிதிச்ச பிறகும் கிளட்ச் பிளேட்டு, இன்ஜினோட சேர்ந்து சுத்துற கனமான சக்கரமான ஃப்ளைவீலை விட்டுப் பிரியாம கூடவே சுத்திக்கிட்டு இருக்கும்.

இது வெறும் சொல் சண்டை கிடையாது. பழைய பிக்கப் வச்சிருக்கிற ஒருத்தருக்கு நான் எழுதின குறிப்புல இதே ‘இழுவை’யைத்தான் போட்டிருந்தேன், அவர் அதைப் படிச்சுட்டு கிளட்ச் தேஞ்சுபோச்சுன்னு முடிவு பண்ணி கியர்பாக்ஸையே இறக்கி புது பிளேட்டு மாட்டிட்டார். மாட்டின பிறகும் ரிவர்ஸ் போட்டா அதே கர்ர்ர். அப்புறம் பெடலை மூணு தடவை வேகமா மிதிச்சு விட்டுப் போடச் சொன்னேன், கியர் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு. அப்படி விழுந்தா சந்தேகம் ஹைட்ராலிக் பக்கம், அதாவது பெடல் மிதியை ஆயில் அழுத்தமா கிளட்சுக்குக் கொண்டுபோற பக்கம் போகணும். கீழ படுத்து, அந்த அழுத்தத்துல கிளட்சைத் தள்ளுற ஸ்லேவ் சிலிண்டரோட ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தா உள்ள ஈரம், விரல்ல வழவழன்னு பிரேக் ஆயில். ஒரு சின்ன ரப்பர் சீல், அவ்வளவுதான். அந்த வார்த்தையை எழுதினது நான்தான்ங்கறது இன்னும் உறுத்துது.

அதனால நான் சொல்ற சொல் ‘விடாப்பிடி’. நம்மகிட்ட ஏற்கனவே இருக்கிற சொல், ஒரு தடவை கேட்டா கோளாறு என்னன்னு புரிஞ்சிடும்: விடவேண்டிய நேரத்துல பிடியை விடல. அதே வரிசையில ஸ்லிப்புக்கு ‘நழுவுபிடி’, கிளட்ச் விடும்போது வண்டி தடதடன்னு உதறுற ஜடருக்கு ‘உதறுபிடி’. பிளேட்டுல ஆயில் பட்டிருந்தாலும், இன்ஜின் மவுண்ட் உடைஞ்சிருந்தாலும் உதறும்.

‘விடாப்பிடி மனுஷங்களுக்குச் சொல்றது, கலைச்சொல்லுக்கு ஆகுமா’ன்னு கேப்பீங்க. ஊசிக்குக் காது இருக்கு, சீப்புக்குப் பல்லு இருக்கு, கிளட்சுக்குப் பிடி இருந்தா என்ன?

சோதனைக் குறிப்பு எழுதும்போதும் இந்தப் பேரு கைகொடுக்குது. விடாப்பிடிக்கு: இன்ஜின் ஓடட்டும், நியூட்ரல்ல பெடலை முழுசா மிதிச்சு நாலு செகண்ட் பொறுத்து ரிவர்ஸ் போடணும். பழைய கியர்பாக்ஸ்ல பெரும்பாலும் ரிவர்சுக்கு சிங்க்ரோ (கியர் சேரும்முன்ன வேகத்தைச் சமன்படுத்துற அமைப்பு) கிடையாது, அதனால பிளேட்டு இன்னும் சுத்திக்கிட்டிருந்தா பல்லு உரசுற சத்தம் உடனே காட்டிக் கொடுத்துடும். நழுவுபிடிக்கு: சமதரையில சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் இறுக்கி, முன்னாடி ஆள் யாரும் நிக்காம, நாலாவது கியர்ல 2000 ஆர்பிஎம் வச்சு பெடலை விடணும். நல்ல கிளட்ச்னா இன்ஜின் சட்டுனு நின்னுடும், நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா நழுவுது. திரும்பத் திரும்ப இதைச் செய்யாதீங்க, பிளேட்டு கருகிடும்.

பெடலை வேகமா மிதிச்சு மிதிச்சு விட்டும் விடாப்பிடி மாறாம, ஸ்லேவ் சிலிண்டர் ராடும் முழு தூரம் நகருதுன்னா, அப்பதான் உள்ள பிளேட்டு வளைஞ்சிருக்கா, பிளேட்டு நகர்ற ஷாஃப்ட் பல்வரிசையான ஸ்ப்லைன்ல துரு பிடிச்சிருக்கா, அந்த ஷாஃப்ட் முனையைத் தாங்குற பைலட் பேரிங் இறுகிடுச்சான்னு கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கணும். இன்னொண்ணு, பிளேட்டு மேல உரசுற பரப்பான லைனிங் பழசா இருந்தா அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைக் காத்தடிச்சு ஊதவே கூடாது.

எனக்கு இன்னும் நல்ல சொல் பிடிபடாதது ஃப்ரீ பிளேவுக்கு. கேபிளால கிளட்சை இழுக்கிற வண்டில பெடல் வேலை எதுவும் செய்யாம சும்மா கீழ இறங்குற அந்தக் கொஞ்ச தூரம், அது இல்லாமப் போனா நழுவுபிடி, ரொம்ப அதிகமானா விடாப்பிடி. ‘வெற்றசைவு’ன்னு இப்போதைக்கு எழுதி வச்சிருக்கேன், ஆனா வாய்ல ஒட்டல. ஸ்பேனர் பிடிக்கிறவங்க வாய்ல வர்ற மாதிரி யாராவது ஒரு சொல் சொல்லுங்க.