மறுமொழி: டிரையத்லான் கலைச்சொற்கள் – ‘டிரான்சிஷன்’ முதல் ‘கிளீட்’ வரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் போட்டியில், ஒன்றை முடித்து அடுத்ததற்கு மாறும் இடைப்பகுதியை ஆங்கிலத்தில் ‘டிரான்சிஷன்’ என்கிறார்கள். அதற்கு ‘நிலைமாற்றம்’ போதும் என்று முந்தைய மடலில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். ‘இடைவேளை’, ‘துறைமாற்றம்’ ஆகிய இரண்டும் அதைத் தொடர்ந்து வந்தன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பனிக்கட்டி நீராவதையும் கணினி நிரல் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் போவதையும் நிலைமாற்றம் என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். அது தானாக நிகழ்வது, இதுவோ கையும் காலும் வியர்க்கச் செய்வது. ‘இடைவேளை’ என்றால் முறுக்கும் தேநீரும் நினைவுக்கு வரும். ‘துறைமாற்றம்’ அழகான சொல்தான், நீர்த்துறையிலிருந்து கரையேறுவதையும் அது தொட்டுச் செல்கிறது. ஆனால் செய்தித்தாள் படிப்பவர் எந்த அமைச்சருக்கு என்றுதான் கேட்பார்.

சொல்லைத் தேடும் முன் அந்தச் சில நொடிகளில் நடப்பதைப் பார்த்துவிடுவது நல்லது. ஒலிம்பிக் டிரையத்லானில் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. மிதிவண்டி, 10 கி.மீ. ஓட்டம் என மூன்று பகுதிகள் உண்டு. நீச்சலுக்கும் மிதிவண்டிக்கும் நடுவில் வருவதை டி1 என்றும், மிதிவண்டிக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் வருவதை டி2 என்றும் குறிக்கிறார்கள். இவ்விரண்டின் போதும் கடிகாரம் நிற்பதில்லை. உடை மாற்றும் நேரமும் பந்தய நேரமே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக், சுவீடனின் லிசா நோர்டேன் இருவருமே 1 மணி 59 நிமிடம் 48 நொடியில் முடித்தார்கள். தங்கம் யாருக்கு என்பதை எல்லைக்கோட்டுப் புகைப்படத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய நேர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் போட்டி இப்படி முடியும்போது, காலணி வாரை இழுக்கும் நேரத்தை ஒதுக்கித் தள்ள முடியாது.

ஆகவே அந்த இடைப்பகுதியும் போட்டியின் ஒரு கட்டம்தான் என்பதைச் சொல் காட்ட வேண்டும். என் முன்மொழிவு ‘மாறுகட்டம்’. முதல் மாறுகட்டம், இரண்டாம் மாறுகட்டம் என்று எண்ணிச் சொல்லலாம். அட்டவணையில் மா1, மா2 என்று சுருக்கலாம். மிதிவண்டிகளை நிறுத்தி வைக்கும் இடத்துக்கு ‘மாறுகளம்’ என்பது தானாகவே அமைந்துவிடும். ‘மாறு’ என்றாலே மாறுவேடம் நினைவுக்கு வருகிறதே என்று யாரேனும் சொல்லக்கூடும். ஈர உடையைக் கழற்றித் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஓடுபவரைப் பார்த்தால் அதுவும் பொய்யில்லை. இலக்கணப்படி இது ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகை என்பதால், ‘மாறுக்கட்டம்’ என்று ஒற்று மிகுத்து எழுத வேண்டாம் என்பதை மட்டும் அகராதிக் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

இனி எனக்கு உண்மையில் கவலை தரும் சொல்லுக்கு வருகிறேன். நம் வரைவுப் பட்டியலில் ‘காலணி அணிதல்’, ‘காலணி கழற்றுதல்’ என்று இருக்கிறது. சாதாரண மிதிவண்டிப் பந்தயத்தில் ஓட்டுபவர் காலணியைக் காலில் மாட்டிக்கொண்டு, பிறகு அதன் அடிப்பாகத்தைப் பெடலில் பொருத்துவார். டிரையத்லானில் விரைந்து மாறுபவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். போட்டி தொடங்கும் முன்பே காலணிகள் இரண்டும் பெடல்களில் பொருத்தப்பட்டிருக்கும். வீரர் வெறுங்காலோடு மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, வண்டியில் ஏறலாம் என்று தரையில் குறித்திருக்கும் ஏறுகோட்டைத் தாண்டியதும் ஏறி, காலணியின் மேல் பாதத்தை வைத்து மிதித்து வேகம் பிடித்த பிறகே ஒவ்வொரு காலாக உள்ளே நுழைப்பார். இங்கே காலணியை முதலில் அணிவது பெடல். கால் பிறகு வந்து குடியேறுகிறது.

அதனால் ‘அணி’ என்ற வினையை விட்டுவிட்டு ‘பூட்டு’ என்பதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். வண்டியில் மாட்டைப் பூட்டுகிறோம், ஏர் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். விசை கடத்துவதற்காக ஒன்றை மற்றொன்றோடு இணைப்பது என்ற பொருள் அந்த வினையில் ஏற்கெனவே இருக்கிறது. காலணியைப் பெடலில் இணைப்பது ‘பூட்டல்’, போட்டிக்கு முன்பே இணைத்து வைப்பது ‘முன்பூட்டல்’, அதற்கான காலணி ‘பூட்டுகாலணி’. இங்கும் வினைத்தொகைதான், ஒற்று மிகுந்து ‘பூட்டுக்காலணி’ ஆகிவிட்டால் திண்டுக்கல் பூட்டுத் தொங்கும் காலணி என்று படித்துவிடுவார்கள்.

முன்பூட்டலில் ஒரு சிக்கல் உண்டு. காலணியின் குதிகால் கனத்தால் கீழே தொங்கும். தள்ளிக்கொண்டு ஓடும்போது அது தரையில் உரசிப் பெடலைச் சுழற்றிவிடும். இதைத் தடுக்க, குதிகாலின் பின்னுள்ள துணி வளையத்தில் மெல்லிய ரப்பர் வளையத்தைக் கோத்து, மறுமுனையைப் பின்சக்கர அச்சின் நெம்பிலோ சட்டத்திலோ மாட்டிவிடுவார்கள். காலணிகள் தரைக்கு இணையாக நிற்கும். ஏறி முதல் சுற்று மிதித்ததும் ரப்பர் அறுந்துவிடும். எங்கள் தெருவில் இதை முயன்றபோது மாவுப் பொட்டலத்தின் தடித்த ரப்பரைக் கட்டிவிட்டேன். அது அறுவதற்குப் பதிலாக இழுத்துப் பிடித்ததில் காலணி பெடலைவிட்டுக் கழன்று பின்னால் பறந்தது. ரப்பர் எளிதில் அறுந்தாக வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இதற்குத் தனிச்சொல் வேண்டாம். ‘ரப்பர் வளையம்’ போதும்.

வாரின் திசையும் கவனிக்கத்தக்கது. வழக்கமான மிதிவண்டிக் காலணியின் வாரைத் திறந்துவிட்டால் அது உட்புறமாக, பெடல் தண்டின் பக்கம் விழும். டிரையத்லான் காலணியில் வெளிப்புறமாக விழும்படி தைத்திருப்பார்கள். ஒரே அகலமான வார், நீள வளையம் உள்ள குதிகால், ஈரக்கால் வழுக்கி நுழைய உள்ளே கொஞ்சம் பவுடர் என எல்லாமே ஒரு கையால், கண்ணால் பாராமல் முடிக்கும் வேலைக்காக அமைந்தவை.

ஏறும் முறைக்கு ‘பறந்தேறல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ‘ஃபிளையிங் மவுண்ட்’ என்ற ஆங்கிலத்தின் நிழல், பறப்பவர் யாருமில்லை. இடதுகாலைப் பெடலில் ஊன்றி வலதுகாலால் தரையை உந்தி உந்தி ஏறுவதை நாம் சிறுவயதில், குரங்குப் பெடலை அடுத்துக் கற்றுக்கொண்டோம். இது அதுவும் அன்று. இருகைகளும் கைப்பிடியில் இருக்க, ஓடும் ஓட்டத்திலேயே எழும்பித் தொடையின் உட்பகுதி இருக்கையில் படும்படி அமர்வது. குதிரை மேல் தாவியேறினான் என்று கதைகளில் படித்திருக்கிறோம். ‘தாவியேறல்’ என்றே சொல்லலாம். இறங்குவது வேறு வகை. ஒரு காலைப் பின்புறமாகச் சுழற்றி மறுபக்கம் கொண்டுவந்து, வண்டி உருளும்போதே தரையில் கால்வைத்து ஓடுவது, நகரும் பேருந்திலிருந்து இறங்குவதைப் போன்றது. அதற்கு ‘ஓடியிறங்கல்’ பொருந்தும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே அடைமொழி இருப்பதால் நாமும் அப்படியே வைக்க வேண்டியதில்லை.

தாவியேறலுக்கு விதி கடுமையானது. ஏறுகோட்டைத் தாண்டாமல் ஏறக்கூடாது. அதே லண்டன் போட்டியின் ஆண்கள் பிரிவில், ஜோனதன் பிரவுன்லீ சற்று முன்னதாக ஏறிவிட்டதால் 15 நொடி தண்டனை பெற்று, ஓட்டத்தின் நடுவே நின்று அதைக் கழிக்க வேண்டியிருந்தது. அவர் வெள்ளி வென்ற ஹவியர் கோமெஸுக்கு 20 நொடி பின்னால் வந்து வெண்கலம் பெற்றார். தண்டனையைக் கழித்துக் கணக்கிட்டாலும் வெண்கலம்தான் என்பது உண்மையே. ஆனாலும் நின்று மறுபடி ஓடத் தொடங்கும் கால்களின் கணக்கு வேறு.

இரண்டாம் மாறுகட்டத்தில் ‘கழற்றுதல்’ என்ற சொல்லே தவறாகிறது. இறங்குகோட்டுக்குச் சில நூறு மீட்டருக்கு முன்பே வாரைத் தளர்த்தி, கால்களை வெளியே எடுத்து, காலணியின் மேல் வைத்து மிதித்து வருவார்கள். காலணி பெடலிலேயே இருந்துவிடும். உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் கால்தான் வெளியே வருகிறது. ஆகவே ‘கால் உருவல்’ என்று பதிவுசெய்யலாம். 180 கி.மீ. மிதிக்கும் நெடுந்தூரப் போட்டிகளில் பலர் அமர்ந்து, காலுறை போட்டு நிதானமாகவே மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே ‘அணிதல்’, ‘கழற்றுதல்’ இரண்டும் சரியே. பழகாதவர் தாவியேறி விழுந்தால், மிச்சம் பிடித்த நொடிகளைப்போல் பல மடங்கு போய்விடும் என்பதால், கையேட்டில் இரு முறைகளுக்கும் சொல் இருப்பதே முறை.

மீதம் இருப்பது ‘கிளீட்’. காலணியின் அடியில் திருகாணிகளால் பொருத்தப்படும், பெடலைக் கவ்விக்கொள்ளும் துண்டு அது. ‘கொளுவி’, ‘பிடிப்பான்’ இரண்டையும் எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. மாட்டையே பூட்டியாகிவிட்ட பிறகு, அடியில் அறைவதற்கு ‘லாடம்’ என்ற சொல் கண்முன்னே இருக்கிறது. வீரர்களை மாடாக்குகிறோமா என்று ஒரு நண்பர் தனிமடலில் சிரித்தார். மூன்று திருகாணி லாடம், இரண்டு திருகாணி லாடம் என்று சொல்லிப் பார்த்தால் எனக்கு உறுத்தவில்லை. இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமேனும் இருந்தால், வரைவை அனுப்பும் முன் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்.